பார்படோஸ் கடலின் குட்டை மேகங்கள்: இரண்டு எல்இஎஸ் மாடல்களை ஒப்பிடுவது எப்படி

வியாபாரக் காற்று வீசும் கடற்பரப்பின் மேல் பஞ்சுப் பொதிபோல் மிதக்கும் திரள்மேகங்கள் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றின் அகலமும் சில நூறு மீட்டர்தான். உலகளாவிய காலநிலை மாடலின் ஒரு கட்டத்துக்குள் இப்படி ஆயிரக்கணக்கான மேகங்கள் காணாமல் போய்விடும். அதனால்தான் 100 மீட்டரோ அதற்கும் நுணுக்கமாகவோ கட்டம் போட்டு காற்றின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு ஓட்டும் லார்ஜ் எடி சிமுலேஷன், சுருக்கமாக எல்இஎஸ், இந்த மேகங்களுக்கான ஆய்வுக்கூடமாக இருக்கிறது.

இரண்டு எல்இஎஸ் மாடல்களை ஓட்டி, இரண்டு கோடுகளை ஒரே படத்தில் வரைந்து, 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதிவிடுவது சுலபம். அந்த வித்தியாசத்தைத் தோண்டிக்கொண்டே போனால் பாதிக்கு மேல் உள்ளீட்டுக் கோப்பிலோ, 'மேகம்' என்பதற்கு அவரவர் வைத்த வரையறையிலோ போய் நிற்கும். மாடலின் இயற்பியலைக் குறை சொல்லும் உரிமை அவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் கிடைக்கும். இந்தக் குறிப்பு முழுக்க அந்தக் கழித்தலைப் பற்றியது.

எந்தக் கேஸில் தொடங்குவது

கேஸ் என்றால் எல்லா மாடலுக்கும் ஒன்றுபோல் கொடுக்கும் தொடக்க நிலையும் வெளி விசைகளும். பாமெக்ஸில் தொடங்குங்கள். 1969இல் பார்படோஸுக்குக் கிழக்கே நடந்த கள ஆய்வு அது. அதில் ஜூன் மாதத்தின் அமைதியான சில நாட்களை வைத்து உருவாக்கிய கேஸை, பியர் சீபெஸ்மா தலைமையில் 10 எல்இஎஸ் மாடல்களில் ஓட்டி ஒப்பிட்ட முடிவு 2003இல் வெளியானது. இதில் மழை கிடையாது. கதிர்வீச்சு கணக்கிடப்படுவதில்லை, எழுதியே கொடுக்கப்படுகிறது. கடலிலிருந்து வரும் வெப்பமும் ஈரமும்கூட நிலையான எண்கள். தப்பு நடக்கும் இடங்கள் குறைவு என்பதால் முதல் ஒப்பீட்டுக்கு இதைவிட வசதியான கேஸ் இல்லை. டேல்ஸ், மைக்ரோஹெச்ஹெச், சிஎம்1, சாம் போன்ற மாடல்களில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே உண்டு. தயாராக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கீழே உள்ள எண்களோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள்.

- பரப்பு 6.4 × 6.4 கி.மீ., உயரம் 3 கி.மீ. கிடைக்கட்டம் 100 மீ., செங்குத்துக் கட்டம் 40 மீ. அதாவது 64 × 64 × 75 = 3,07,200 பெட்டிகள். ஓட்டம் 6 மணி நேரம்.
- நீர்ம நிலை வெப்பநிலை, அதாவது தீட்டா-எல் (காற்றை 1,000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, துளிகளின் உள்ளுறை வெப்பத்தைக் கழித்துக் கணக்கிடுவது): தரையிலிருந்து 520 மீ. வரை 298.7 கெல்வின், 1,480 மீட்டரில் 302.4, 2,000இல் 308.2, 3,000இல் 311.85. இடையில் நேர்கோடு.
- மொத்த ஈரம்: தரையில் 17.0 கிராம்/கிலோ, 520 மீட்டரில் 16.3, 1,480இல் 10.7, 2,000இல் 4.2, 3,000இல் 3.0.
- காற்று: கிழக்கிலிருந்து 8.75 மீ/வி, 700 மீ. வரை மாறாது, பிறகு 3,000 மீட்டரில் 4.61 ஆகக் குறையும். புவிச்சமநிலைக் காற்று (அழுத்த வேறுபாடும் கோரியாலிஸ் விசையும் ஈடாகும்போது வீசுவது) தரையில் கிழக்கிலிருந்து 10 மீ/வி, உயரத்தில் மீட்டருக்கு 0.0018 வீதம் குறையும். கோரியாலிஸ் எண் 0.376 × 10⁻⁴.
- தரை அழுத்தம் 1,015 ஹெக்டோபாஸ்கல். வெப்பப் பாய்வு 8 × 10⁻³ கெல்வின் மீ/வி, ஈரப் பாய்வு 5.2 × 10⁻⁵ மீ/வி, உராய்வு வேகம் 0.28 மீ/வி.
- அமிழ்வு (பெரும்பரப்பில் காற்று மெல்லக் கீழிறங்குவது): தரையில் சுழியம், 1,500 மீட்டரில் விநாடிக்கு 0.65 செ.மீ. கீழ்நோக்கி, 2,100 மீட்டரில் மறுபடி சுழியம்.
- கதிர்வீச்சுக் குளிர்ச்சி: 1,500 மீ. வரை நாளுக்கு 2 கெல்வின், 3,000 மீட்டரில் சுழியமாகக் குறையும்.
- பக்கவாட்டு உலர்த்தல் (வெளியிலிருந்து பக்கவாட்டில் வரும் உலர்காற்றின் விளைவு): 300 மீ. வரை விநாடிக்கு 1.2 × 10⁻⁸ கிலோ/கிலோ, 500 மீட்டரில் சுழியம்.
- தொடக்கக் கலைப்பு: 1,600 மீட்டருக்குக் கீழ் 0.1 கெல்வின், 0.025 கிராம்/கிலோ அளவில் தற்செயல் எண்கள்.

ஓட்டுவதற்கு முன் பேப்பரில் ஒரு கணக்கு

இந்தக் கேஸ் ஏறக்குறைய சமநிலையில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதைக் கையாலேயே சரிபார்க்கலாம். அடர்த்தியை இப்போதைக்கு விட்டுவிட்டு, கிராம்/கிலோ பெருக்கல் மீ/வி என்ற அலகில் ஈரத்தைக் கூட்டுவோம். கடலிலிருந்து வரவு 0.052. செலவில் பெரியது அமிழ்வு: உலர்ந்த காற்றைக் கீழே இறக்குவதால் 520–1,480 மீ. அடுக்கில் 0.0243, அதற்கு மேல் 2,000 மீ. வரை 0.0253, அடியில் வெறும் 0.0008. பக்கவாட்டு உலர்த்தல் 0.0048. கூட்டினால் 0.055. வரவும் செலவும் கிட்டத்தட்ட ஈடு.

உங்கள் மாடலின் ஃபோர்சிங் சப்ரூட்டீன் (அமிழ்வு, குளிர்ச்சி போன்ற வெளி விளைவுகளைச் சேர்க்கும் நிரல்பகுதி) முதல் நேரப்படியில் தரும் எண்களை இதே மாதிரி உயரவாரியாகக் கூட்டி இந்தப் பட்டியலோடு வையுங்கள். அமிழ்வின் குறி தலைகீழாகப் போயிருந்தால், ஒரு நாளுக்கான குளிர்ச்சி 86,400ஆல் வகுபடாமல் போயிருந்தால், மாடலின் சொந்தக் கதிர்வீச்சு மாடியூல் அணையாமல் குளிர்ச்சி இரண்டு முறை சேர்ந்திருந்தால் எல்லாம் இங்கேயே பிடிபடும். ஆறு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மேகத்தின் உயரத்தைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிப்பது சிரமம். அமிழ்வு தீட்டா-எல், ஈரம் இரண்டிலும் மட்டுமின்றிக் காற்றின் இரண்டு கூறுகளிலும் செயல்பட வேண்டும். ஒரு மாடலில் காற்றுக்கு அமிழ்வு இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் வெப்பக் கோடுகள் ஒன்றாகவே இருக்கும். காற்றுக் கோடுகள் மட்டும் மெல்ல விலகும்.

சுழிய நிமிடச் சோதனை

அடுத்து, ஒரே ஒரு நேரப்படி ஓட்டி, ஒவ்வொரு மட்டத்திலும் ஒப்பு ஈரப்பதத்தை எடுத்து எழுதுங்கள். 520 மீட்டரில் அழுத்தம் சுமார் 957 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 21.8 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் சுமார் 95 சதவீதம் வர வேண்டும். எந்த மட்டத்திலும் நீர்த்துளி இருக்கக் கூடாது. இந்த ஒரு எண் மூன்று விதமான பிழைகளைக் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது: நிலை வெப்பநிலைக்கு அடிப்படை அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கல். சில மாடல்கள் அந்த இடத்தில் தரை அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் 298.7 என்பதே தரையின் நேரடி வெப்பநிலையாகிவிடும். சரியான விடையோ 300.0 கெல்வின். 1.3 கெல்வின் குளிர்ந்த காற்று 520 மீட்டரில் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஓட்டம் தொடங்கும்போதே வானம் மூடிக்கிடந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. தீட்டா-எல் எண்களை வெப்பநிலை என்று நினைத்துக் கொடுத்தால் 520 மீட்டரில் காற்று கிட்டத்தட்ட 4 டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். மணிக்கணக்கில் ஓடியும் மேகம் எட்டிப்பார்க்காது.

மூன்றாவது நுணுக்கமானது, பலரிடம் கடைசி வரை சிக்காமல் தப்பிப்பதும் இதுதான். மேலே கொடுத்த ஈரம் ஒரு கிலோ ஈரக்காற்றில் உள்ள நீராவி. சில மாடல்கள் கேட்பதோ ஒரு கிலோ உலர்காற்றுக்கான கலப்பு விகிதம். 17.0 என்பது அங்கே 17.29 ஆக மாற வேண்டும். மாற்றாமல் 17.0 என்றே கொடுத்தால் காற்று கிலோவுக்கு 0.28 கிராம் உலர்ந்துபோகும், மேக அடித்தளம் சுமார் 35 மீட்டர் மேலேறும். 40 மீட்டர் கட்டத்தில் அது ஏறக்குறைய ஒரு பெட்டி. படத்தில் பார்த்தால் 'இந்த மாடலில் கலப்பு கொஞ்சம் வலுவாக இருக்கிறது' என்று ஒரு விளக்கம் தோன்றும், நம்பும்படியாகவும் இருக்கும்.

கட்டத்தின் ஏற்பாட்டையும் கவனியுங்கள். வெப்பமும் ஈரமும் பெட்டியின் நடுவில், அதாவது 20, 60, 100 மீட்டரில் இருக்கும். செங்குத்து வேகம் பெட்டியின் விளிம்பில், 40, 80, 120 மீட்டரில் இருக்கும். தொடக்க எண்களை விளிம்பு உயரங்களில் கணக்கிட்டு நடுமட்டங்களில் ஊட்டினால் எல்லாமே 20 மீட்டர் நகர்ந்துவிடும்.

தரைப் பாய்வு: அடர்த்தி எங்கே போயிற்று

கேஸ் கொடுப்பது இயக்க அலகில். உங்கள் மாடல் சதுர மீட்டருக்கு வாட் என்று கேட்டால் அடர்த்தியால் பெருக்க வேண்டும். 1,015 ஹெக்டோபாஸ்கலில் இந்தக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.167 கிலோ. எனவே வெப்பம் சுமார் 9.4 வாட், உள்ளுறை வெப்பம் சுமார் 152 வாட். அடர்த்தி 1 என்று வைத்துக்கொண்டால் 8 வாட், 130 வாட்டாகி, ஈர வரவு 14 சதவீதம் குறைந்துபோகும். இந்த மேகங்களுக்குத் தீனியே கடலின் ஈரம்தான், எனவே முடிவு முழுக்கச் சாயும்.

மாறிலிகளையும் இரு மாடலிலும் ஒன்றாக்குங்கள்: வாயு மாறிலிகள், மாறா அழுத்த வெப்பக் கொள்ளளவு, ஆவியாதல் வெப்பம், புவியீர்ப்பு. தெவிட்டு நீராவி அழுத்தத்துக்கு ஒன்று மேக்னஸ் சூத்திரமும் இன்னொன்று பல்லுறுப்புக் கோவையும் பயன்படுத்தினால், 15 முதல் 27 டிகிரிக்குள் இரண்டின் வித்தியாசத்தை ஒரு பட்டியலாகப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

மழை தரும் நுண்ணியற்பியலை முழுக்க அணைத்துவிடுங்கள். தெவிட்டலுக்கு மேற்பட்ட ஈரம் முழுவதும் துளியாகிறது என்ற ஒரே விதி போதும்.

எதை, எப்போது, எப்படி அளப்பது

முதல் இரண்டு மணி நேரத்தைத் தூக்கிப் போடுங்கள். கலக்கமில்லாத காற்றில் சுழல்கள் உருவாகும்போது எல்லா மேகமும் ஒரே சமயத்தில் கிளம்பி மேகப்பரப்பு எகிறும், பிறகு அடங்கும். அந்த எகிறலின் உயரம் தற்செயல் எண்களையும் சப்கிரிட் மாடலையும் (கட்டத்தைவிடச் சிறிய சுழல்களைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதி) பொறுத்தது, இயற்கையோடு அதற்குத் தொடர்பில்லை. கடைசி மூன்று மணி நேரத்தின் சராசரியை எடுங்கள். மாதிரி எடுப்பது நிமிடத்துக்கு ஒரு முறையாவது இருக்கட்டும். 6.4 கி.மீ. பரப்பில் ஒரு நேரத்தில் ஒரு சில மேகங்கள்தான் இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை படம் பிடித்து அதைச் சராசரி என்று சொல்லக் கூடாது.

இனி வரையறைச் சண்டை. 'மேகப்பரப்பு' என்றால் மேலிருந்து பார்க்கையில் ஏதாவது ஒரு உயரத்தில் துளி உள்ள தூண்களின் பங்கா? ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள பங்கின் உச்சமா? பாமெக்ஸில் முதலாவது 10 முதல் 15 சதவீதம் வரை வரும். இரண்டாவது அடித்தளத்தருகே 5, 6 சதவீதம்தான். ஒரு மாடல் முதலாவதையும் இன்னொன்று இரண்டாவதையும் 'மேகப்பரப்பு' என்ற ஒரே பெயரில் எழுதிவைத்தால், இல்லாத இரு மடங்கு வித்தியாசம் பிறக்கும். எவ்வளவு துளி இருந்தால் மேகம் என்ற எல்லையும் அப்படித்தான். சுழியத்துக்கு மேல் என்றால் ஒரு எண், கிலோவுக்கு 0.01 கிராமுக்கு மேல் என்றால் வேறொரு எண். மாடல் தானே எழுதித் தரும் புள்ளிவிவரத்தை நம்பாமல், முப்பரிமாணப் பதிவுகளை எடுத்து, இரண்டுக்கும் உங்களுடைய ஒரே ஸ்கிரிப்டால் கணக்கிடுவதே வழி. இந்தக் கட்டத்தில் ஒரு மாறிக்கு ஒரு பதிவு 1.2 மெகாபைட்டுதான். கஞ்சத்தனம் வேண்டாம்.

மேகக் கருவுக்கும் இது பொருந்தும். துளியும் இருந்து, அதே மட்டத்தின் சராசரியைவிட மிதப்பும் கூடுதலாக உள்ள பெட்டிகளே கரு. மிதப்பைக் கணக்கிடும்போது துளிகளின் எடையைக் கழிக்க மறந்தால் கரு வீங்கிவிடும். கருவை வைத்து உள்ளிழுப்பு வீதம் (சுற்றுக்காற்று மேகத்துக்குள் வருவது) கணக்கிட்டால் மீட்டருக்கு 1.5 முதல் 2.5 × 10⁻³ வரையிலும், வெளித்தள்ளல் (மேகக்காற்று வெளியேறுவது) அதைவிடச் சற்று அதிகமாக 2.5 முதல் 3 × 10⁻³ வரையிலும் வரும். ஒரு காலத்தில் பெரிய மாடல்களின் திட்டங்களில் இதில் பத்தில் ஒரு பங்குதான் போட்டிருந்தார்கள். பாமெக்ஸ் வேலையால் வந்த பெரிய பலனே இந்தத் திருத்தம் என்பது எங்கள் எண்ணம். வெளித்தள்ளல் உள்ளிழுப்பைவிடக் குறைவாக வந்தால், மேலே போகப் போக நிறைப் பாய்வு கூடுகிறது என்று பொருள். பாமெக்ஸில் அப்படி நடக்காது, உங்கள் ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

பாய்வுக் கோடுகளில் மாடல் நேரடியாகக் கண்ட சுழல்களின் பங்கையும் சப்கிரிட் பங்கையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். தரையருகே ஒரு மாடலின் ஈரப் பாய்வு குறைந்து தெரிந்தால் முக்கால்வாசி நேரம் சப்கிரிட் பங்கு கூட்டலில் விடுபட்டிருக்கும்.

வித்தியாசம் எவ்வளவு இருந்தால் வித்தியாசம்

ஒரே மாடலைத் தற்செயல் விதை எண்ணை மட்டும் மாற்றி ஐந்து முறை ஓட்டுங்கள். அந்த ஐந்தின் சிதறல்தான் உங்கள் அளவுகோல். இரண்டு மாடல்களின் இடைவெளி அதற்குள் அடங்கினால் பேச ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் விதையை மாற்றாமல் ப்ராசஸர் எண்ணிக்கையை மாற்றினாலே தற்செயல் எண்கள் மாறிவிடும். நேற்று 16, இன்று 64 ப்ராசஸரில் ஓட்டிவிட்டு 'மறுபடி அதே முடிவு வரவில்லை' என்று பதறத் தேவையில்லை.

சிதறலைத் தாண்டியும் இடைவெளி மிஞ்சினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கொண்டுசெல்லும் திட்டம், அதாவது அட்வெக்‌ஷன், முதல் குற்றவாளி. 400 மீட்டர் அகல மேகம் 100 மீட்டர் கட்டத்தில் நான்கு பெட்டிதான். அதில் இரண்டு விளிம்பு. எண்கள் சுழியத்துக்குக் கீழே போகாமல் காக்கும் திட்டங்கள் விளிம்பை மழுக்கி, மேகத்தைக் கூடுதலாகக் கலந்து, சீக்கிரமே ஆவியாக்கும். இரண்டாம் வரிசை மையத் திட்டம் மழுக்காது. பதிலுக்கு விளிம்பில் அலை அலையாக மேடு பள்ளம் உண்டாக்கும், இன்வெர்ஷனுக்கு (மேகத்துக்கு மேலே வெப்பம் திடீரென ஏறும் அடுக்கு) கீழே இல்லாத ஈரத்தையும் காட்டும்.

இதை அறிய ஒரு நல்ல சோதனை, கட்டத்தையே காற்றோடு நகர்த்துவது. கிழக்கிலிருந்து 7 மீ/வி வேகத்தில் கட்டமும் நகர்ந்தால் மேகங்கள் பெட்டிகளைக் கடப்பது குறையும். இயற்பியல்படி முடிவு மாறக் கூடாது. எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவும் எண்கணிதப் பிழை. நகர்த்தும்போது கோரியாலிஸ் உறுப்பும் தரை உராய்வும் கடலைச் சார்ந்த காற்றைத்தான் பார்க்க வேண்டும். பாமெக்ஸில் பாய்வு நிலையானது என்பதால் இதில் தவறினால் உராய்வின் திசை மட்டும் கெடும். காற்றின் வேகத்தைக் கொண்டு ஆவியாதலைக் கணக்கிடும் கேஸில் இதே தவறு கடலிலிருந்து வரும் ஈரத்தையே முடக்கிவிடும்.

பிறகு கட்டத்தைப் பாதியாக்குங்கள்: கிடையில் 50 மீ., செங்குத்தில் 20 மீ., அப்புறம் 25, 10. ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் பெட்டி எட்டு மடங்கு, நேரப்படி இரண்டு மடங்கு, செலவு 16 மடங்கு. 25 மீட்டரில் பெட்டிகள் 1.97 கோடி, ஒரு மாறியின் ஒரு பதிவே 79 மெகாபைட்டு. இரண்டு மாடல்களின் கோடுகளும் நுணுக்கமாக நுணுக்கமாக நெருங்கினால் பிரச்சினை கட்டத்தில். விலகியே நின்றால் சப்கிரிட் மாடலை, அதிலும் நிலையான அடுக்கில் அது கலப்பை எவ்வளவு அடக்குகிறது என்பதைப் பாருங்கள். செங்குத்தை விட்டுக் கிடைக்கட்டத்தை மட்டும் சுருக்குவதைத் தவிருங்கள். பெட்டியின் வடிவம் மாறும்போது சப்கிரிட் நீள அளவும் சேர்ந்து மாறி, இரண்டு மாற்றங்கள் ஒன்றாகிவிடும்.

பாமெக்ஸைத் தாண்டி

வானத்தைப் பாய்போல் மூடும் தாழ்வான படைத்திரள் மேகங்களுக்கு இந்தக் கட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள். கலிபோர்னியாவுக்கு அப்பால் 2001 ஜூலையில் பறந்து அளந்த டைகாம்ஸ்-2 கேஸில் 840 மீட்டரில் வெப்பநிலை ஒரே தாவலாக 8.5 கெல்வின் எகிறுகிறது, ஈரம் 9 கிராமிலிருந்து 1.5க்கு விழுகிறது. அங்கே 5 மீட்டர் செங்குத்துக் கட்டம் போட்டும்கூடப் பல மாடல்கள் மேலிருந்து உலர்காற்றை அளவுக்கு மீறி இழுத்து மேகத்தை மெலியவைத்தன. 40 மீட்டர் போட்டால் ஒப்பிட மேகமே மிஞ்சாது.

மழை வேண்டுமென்றால் ரைகோ. ஆன்டிகுவா, பார்புடா அருகே 2004 நவம்பர் முதல் 2005 ஜனவரி வரை நடந்த ஆய்வு அது. 12 மாடல்களின் ஒப்பீடு 2011இல் வந்தது. 12.8 கி.மீ. பரப்பு, 4 கி.மீ. உயரம், 24 மணி நேர ஓட்டம், கன சென்டிமீட்டருக்கு 70 துளிகள். இங்கே தரையில் விழும் மழையில் மாடல்களுக்குள் பெரிய இடைவெளி உண்டு. அதன் பெரும்பங்கு துளி மழையாக மாறும் சூத்திரத்தைச் சேர்ந்தது. கைரூத்தினோவ்–கோகன் சூத்திரம் படைத்திரள் மேகத் தூறலுக்காக உருவானது, திரள்மேகத்தில் போடும்போது அதை நினைவில் வையுங்கள். சரியான வழி: இரண்டு மாடல்களிலும் ஒரே சூத்திரத்தைப் போட்டு ஒரு முறை, மழையே இல்லாமல் ஒரு முறை, அவரவர் சூத்திரத்தோடு ஒரு முறை. இந்த வரிசையில் ஓட்டினால் மழையின் பங்கு தனியே பிரிந்து வரும்.

மேகங்கள் சேர்ந்து போடும் கோலத்தை ஒப்பிட வேண்டுமென்றால் சிறு பரப்பு உதவாது. 2020 ஜனவரி, பிப்ரவரியில் பார்படோஸ் பக்கம் நடந்த யூரெக்4ஏ ஆய்வில் கவனித்த சர்க்கரை, சரளை, பூ, மீன் என்ற நான்கு கோலங்களில் பூவும் மீனும் பல பத்து, சில நூறு கிலோமீட்டர் அளவிலானவை. 12.8 கிலோமீட்டர் பெட்டியின் பக்கவாட்டு எல்லை சுழற்சியானது. மழையால் குளிர்ந்து பரவி வலப்பக்கம் வெளியேறும் காற்று இடப்பக்கமாக வந்து தன்னையே முட்டும். மழை வலுத்த நேரத்தில் இது நடந்தால் அந்த மணி நேரங்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

யூரெக்4ஏயின் லைடார் (லேசர் ஒளியால் அளக்கும் கருவி), ரேடார் பதிவுகளோடு ஒப்பிடும்போது கருவி எதைப் பார்க்கிறதோ அதையே மாடலிலும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் லைடார் மிக மெல்லிய மேகத்தையும் 'மேகம்' என்று எண்ணும். ஆனால் தடித்த மேகத்துக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. எனவே மாடலிலும் ஒவ்வொரு தூணிலும் கீழிருந்து முதல் மேகப்பெட்டியை மட்டும் எடுத்து அடித்தள உயரப் பரம்பலை வரையுங்கள். கருவி ஒரே இடத்தில் நிற்க, காற்று மேகத்தை அதன் மேலே ஓட்டுகிறது. மாடலிலும் ஒரு தூணை ஒரு விநாடி இடைவெளியில் பதிந்துகொண்டால் மேக அகலங்களை இரண்டு பக்கமும் ஒரே முறையில் எண்ணலாம்.